உதவி கேட்டால் கதவு திறக்கிறதா?

புது தில்லி: ஆண்டுதோறும் அக்டோபர் 10-ஆம் தேதி உலக மனநல நாள் வரும்போதெல்லாம் அரசு விளம்பரங்களில் ஏறத்தாழ ஒரே வேண்டுகோள்தான் இடம்பெறுகிறது. மனம் விட்டுப் பேசுங்கள், உதவி கேட்கத் தயங்காதீர்கள் என்பதே அது. வேண்டுகோளில் பிழை ஏதுமில்லை. ஆனால், அது பொறுப்பு முழுவதையும் துன்பப்படுபவரின் தோளிலேயே ஏற்றிவைக்கிறது. தயக்கத்தை உதறிவிட்டு அவர் கேட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். கேட்ட பிறகு அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பற்றி அந்த விளம்பரங்கள் எதுவும் சொல்வதில்லை.

இது மருத்துவத் துறையோடு முடிந்துபோகும் கேள்வி அன்று. 2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதியுதவி பெறும் மனநலச் சேவையை அணுகுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அச்சட்டத்தின் 18-ஆவது பிரிவு அறிவிக்கிறது. எனவே, உதவி கேட்பவர் யாருடைய இரக்கத்தையும் வேண்டி நிற்கவில்லை. சட்டப்படி தமக்குரியதைக் கோருகிறார். உரிமை என்று எழுதிவைத்த பிறகு, கோரியவருக்கு அதை வழங்குவது அரசின் கடமையாகிவிடுகிறது. அந்தக் கடமை எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது என்பதுதான் பார்க்கப்பட வேண்டியது.

மௌனத்தின் அளவு

பெங்களூரில் உள்ள தேசிய மனநலம், நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், தமிழகம் உள்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக அந்த ஆய்வு கண்டறிந்தது. பத்தில் ஒருவர் என்பது பெரிய எண்ணிக்கைதான். அதைவிடக் கவலைக்குரியது, பாதிப்புக்குள்ளானோரில் பெரும்பாலானோர் சிகிச்சையின் வாசலையே மிதிக்கவில்லை என்னும் தகவல். மனச்சோர்வு, மனப்பதற்றம் போன்ற பரவலான பாதிப்புகளில் ஏறத்தாழ 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. கடுமையான மனநோய்களிலும்கூட நால்வரில் ஏறத்தாழ மூவரின் நிலை இதுவே.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் தற்கொலையால் உயிரிழந்தவர்கள் 1,70,924 பேர். இவர்களில் எழுபது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆண்கள். நான்கில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் தினக்கூலித் தொழிலாளர்கள். மனநலம் என்றதும் மாநகரத்து மென்பொருள் ஊழியரையும் நுழைவுத் தேர்வு மாணவரையும் மட்டுமே நினைத்துக்கொள்ளும் பொதுப்புத்தி, இந்தக் கூலித் தொழிலாளியை எண்ணிப் பார்ப்பதே இல்லை. கடன், வேலையின்மை, மது, குடும்பப் பூசல் ஆகியவற்றோடு பிணைந்து வருவது அவருடைய துயரம். ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும்.

அவர் தம் துயரத்துக்கு மருத்துவப் பெயர் சூட்டுவதும் இல்லை. தூக்கம் வருவதில்லை, நெஞ்சை அடைக்கிறது, உடம்பெல்லாம் வலி, எதிலும் பிடிப்பில்லை என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். தில்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் ‘கப்ராஹட்’ என்ற ஒரே சொல் அச்சம், பதற்றம், படபடப்பு அனைத்தையும் குறித்துவிடுகிறது. தெற்கே ‘டென்ஷன்’ என்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் நெரிசலில் இந்தச் சொற்களைக் கேட்கும் மருத்துவர் ஒரு சத்து மாத்திரையையோ வலி நிவாரணியையோ எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டால், அந்த நோயாளி உதவி கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார், கேட்டது புரிந்துகொள்ளப்படவில்லை.

குற்றமாக இருந்த துயரம்

மக்கள் வாய் திறக்கத் தயங்கியதற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதை ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. துயரத்தின் எல்லைக்குப் போய், பிழைத்து வந்தவரின் படுக்கை அருகே முதலில் நின்றவர் காவலர். இதற்கு அஞ்சியே பல குடும்பங்கள் நடந்ததை விபத்து என்று சொல்லிச் சிகிச்சை பெற்றன. விபத்து என்று பதிவான பிறகு மனநல மருத்துவரை அழைக்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றுவதில்லை. உடல் தேறியதும் அவர் அதே வீட்டுக்கு, அதே துயரத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

பி.ரத்தினம் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. இரண்டே ஆண்டுகளில், கியான் கௌர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை மீண்டும் உயிர்ப்பித்தது. பிரிவை நீக்கலாம் என 2008-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. நீக்கப்போவதாக 2014 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது. ஆனாலும் சட்டப் புத்தகத்தில் அது தொடர்ந்து நீடித்தது. 2017-ஆம் ஆண்டின் சட்டம்தான் முதல் உடைப்பை ஏற்படுத்தியது. அத்தகைய முயற்சியில் ஈடுபட்டவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்று அதன் 115-ஆவது பிரிவு கூறுகிறது. 2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது பழைய 309-ஆவது பிரிவும் மறைந்தது.

முற்றிலும் மறைந்தது என்றும் சொல்வதற்கில்லை. அரசு ஊழியர் ஒருவரைத் தம் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ, ஒன்றைச் செய்யுமாறு கட்டாயப்படுத்தவோ அத்தகைய முயற்சியில் இறங்குவது புதிய சட்டத்தின் 226-ஆவது பிரிவின்படி குற்றமாகவே நீடிக்கிறது. ஆட்சியர் அலுவலக வாசலில் மனுவோடு வந்து மனமுடைந்து நிற்பவர் நோயாளியா, குற்றவாளியா என்பதை அங்கே பணியில் இருக்கும் காவலரே முடிவு செய்யும் நிலை இதனால் உருவாகிறது. இரக்கத்தோடு எழுதப்பட்ட ஒரு சட்டத்துக்கு அருகில் இப்படியொரு பிரிவை வைத்திருப்பது விந்தைதான்.

ஏர்வாடியும் உனாவாவும்

சட்டமும் மருத்துவமனையும் எட்டாத இடத்தில் மக்கள் எங்கே போனார்கள் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நாடே அறிந்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் வெந்து மடிந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. இத்தகைய காப்பகங்கள் குறித்தும் அரசு மனநல வசதிகள் குறித்தும் எல்லா மாநிலங்களும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017-ஆம் ஆண்டின் சட்டத்தில் வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது.

அந்தத் துயரத்துக்குப் பிறகு மூடநம்பிக்கையின் மீதே பழி போடப்பட்டது. அது பாதி உண்மை. தர்காவும் கோயிலும் அருகில் இருந்தன. எந்நேரமும் திறந்திருந்தன. வந்தவரிடம் அடையாள அட்டை கேட்கவில்லை. குடும்பத்தோடு தங்கவும் இடம் தந்தன. இவற்றில் ஒன்றையேனும் அரசின் மனநலச் சேவை அப்போது அளிக்கவில்லை.

இதைப் புரிந்துகொண்ட முயற்சி ஒன்று குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் நடந்தது. அங்கே உனாவா என்னும் ஊரில் உள்ள மீரா தாதார் தர்காவுக்கு மனநோயாளிகளை அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். மக்களைத் தடுப்பதற்குப் பதிலாக, ஒரு தொண்டு நிறுவனமும் மாநில அரசும் இணைந்து தர்கா வளாகத்துக்கே மனநல மருத்துவரைக் கொண்டுவந்தன. ‘தவா-துவா’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்பது திட்டத்தின் பெயர். பிரார்த்தனைக்கு வந்தவரைத் தர்காவின் முஜாவர்களே மருத்துவரிடம் அனுப்பி வைத்தனர். நம்பிக்கையைக் கைவிட்டால்தான் மருந்து என்று யாரும் நிபந்தனை விதிக்கவில்லை. உதவி கேட்க மக்கள் ஏற்கெனவே எங்கே கூடுகிறார்களோ, அங்கே போய் நிற்பது என்னும் எளிய யோசனைதான் இது. தமிழகத்திலும் பின்னர் இவ்வழி பின்பற்றப்பட்டது.

ஐந்து இலக்க எண்

தர்காவைப் போல எந்நேரமும் திறந்திருக்கும் ஒரு வாசலை அரசு இப்போது தொலைபேசியில் அமைத்திருக்கிறது. 2022-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ திட்டம் அது. 14416 என்னும் எண்ணை நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும், இரவு பகல் எந்நேரத்திலும், கட்டணமின்றி அழைக்கலாம். அழைப்பவர் தமக்கு வேண்டிய மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் உள்பட 20 மொழிகளில் சேவை உண்டு. அழைப்பு அந்தந்த மாநிலத்தின் மையத்துக்குச் செல்கிறது. நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. இவற்றுக்கு வழிகாட்டும் பொறுப்பு நிம்ஹான்ஸிடம் உள்ளது.

மறுமுனையில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். பெரும்பாலான அழைப்புகளில் துன்பத்தைச் சொல்லக் கேட்பதும், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பதுமே போதுமானதாக இருக்கிறது. உறக்கமின்மை, தேர்வு பயம், உறவுச் சிக்கல் போன்றவற்றுக்காக அழைப்போரும் உண்டு. உயிர் குறித்த நெருக்கடியில்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. தமக்காக மட்டுமன்றி, மகனுக்காகவோ தோழிக்காகவோ என்ன செய்வதென்று கேட்கவும் அழைக்கலாம். ஆலோசகரால் தீர்க்க இயலாததை மனநல நிபுணருக்கு மாற்றுகிறார்கள். நேரில் சிகிச்சை தேவைப்படுவோரை மாவட்ட மனநலத் திட்டத்துக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்புகிறார்கள்.

2025-க்குள் இருபது லட்சத்துக்கும் அதிகமான அழைப்புகளை இச்சேவை ஏற்றுவிட்டது. மக்கள் உதவி கேட்பதே இல்லை என்ற பழைய பல்லவிக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. பெயர் வெளியே தெரியாது, செலவில்லை, சொந்த மொழியில் பேசலாம் என்றால் கேட்கிறார்கள். இந்நிலையில் அரசின் கணக்கு மட்டும் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. இத்திட்டத்துக்கு 2023-24 பட்ஜெட்டில் ரூ. 134 கோடி ஒதுக்கப்பட்டது. 2024-25-இல் அது ரூ. 90 கோடியாகக் குறைந்தது.

மாவட்டத்தில் தடைபடும் பாதை

தொலைபேசியை வைத்த பிறகு மறுநாள் காலையில் என்ன நடக்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. தேசிய மனநலத் திட்டம் 1982-இல் வகுக்கப்பட்டது. கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் சோதித்துப் பார்த்த முறையை அடியொற்றி, மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தமிழகம் உள்பட நான்கு மாநிலங்களில் தலா ஒரு மாவட்டம் எனத் தொடங்கியது. இன்று 760-க்கும் அதிகமான மாவட்டங்களுக்கு இத்திட்டம் அனுமதிக்கப்பட்டிருப்பதாக மத்திய சுகாதார அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. அதாவது, ஏட்டளவில் நாடு முழுவதும் எட்டப்பட்டுவிட்டது.

ஆனால், அனுமதிக்கப்பட்ட பணியிடம் வேறு, நாற்காலியில் அமர்ந்திருக்கும் மருத்துவர் வேறு. சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 ஆகஸ்டில் அளித்த அறிக்கை இதை மறைக்கவில்லை. ஒரு லட்சம் பேருக்கு மூன்று மனநல மருத்துவர்களாவது வேண்டும் என்னும் அளவுகோலுக்கு எதிரே, இந்தியாவில் இருப்பது 0.75. மூன்று என்ற அளவை எட்ட இன்னும் 27,000 பேர் தேவை என்று குழு கணக்கிட்டது. இருக்கும் சிலரும் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கின்றனர். மன நல உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோருக்கான பற்றாக்குறையும் சிறியதன்று.

விளைவு, நோயாளி பயணம் செய்கிறார். தலைநகரின் கிழக்கு எல்லையில், தில்ஷாத் கார்டனில் இருக்கிறது மனித நடத்தை மற்றும் அது சார்ந்த அறிவியல் நிறுவனம். சுருக்கமாக ‘இஹ்பாஸ்’. ஷாஹ்தரா மனநோய் மருத்துவமனை என்ற பழைய பெயரில் இருந்ததை, உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 1993-இல் இவ்வாறு மாற்றியமைத்தனர். உத்தரப் பிரதேச எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால், அதன் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் தில்லிக்கு வெளியே வசிப்போரும் கணிசமானோர். மருந்து தீருமுன் அவர்கள் திரும்பவும் வர வேண்டும். மாவட்டத் தலைநகரிலேயே அந்த மாத்திரை கிடைத்தால் மிச்சமாவது பேருந்துக் கட்டணம் மட்டுமன்று. பாதியில் நின்றுபோகும் சிகிச்சையும் நிற்காமல் தொடரும். மனச்சோர்வு சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய். பாதியில் விடுவதே பல நேரங்களில் அதைத் திரும்ப அழைத்து வருகிறது.

மாணவர்களுக்காக ஒரு தீர்ப்பு

ராஜஸ்தானின் கோட்டா நகரில் பயிற்சி மாணவர்கள் அடுத்தடுத்து உயிரிழந்தது 2023-இல் நாடாளுமன்றம் வரை எதிரொலித்தது. உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் மனநலம் குறித்து ஆராய, முன்னாள் நீதிபதி எஸ்.ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அமைத்தது. அதே ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி, விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு மேலும் ஒரு படி சென்றது. மனநலம் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பிரிக்க முடியாத பகுதி என்று அந்த அமர்வு தீர்ப்பளித்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதிகளிலும் வகுப்பறைகளிலும் எழுதிவைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

எண்ணை எழுதி வைப்பது எளிது. ஆலோசகர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் கடினமான கேள்வி. மாணவர் சொன்னது மாலைக்குள் விடுதிக் காப்பாளருக்கும், இரவுக்குள் பெற்றோருக்கும் போய்ச் சேருமானால், அடுத்த மாணவர் அந்த அறைப் பக்கமே வரமாட்டார். சிகிச்சை பெறுபவரின் விவரங்களை வெளியிடாமல் காப்பது 2017-ஆம் ஆண்டின் சட்டம் வழங்கும் உரிமை. உயிருக்கோ பிறருக்கோ ஆபத்து என்னும் குறுகிய சூழ்நிலைகளில் மட்டுமே அதற்கு விதிவிலக்கு உண்டு. கல்வி நிறுவனங்கள் இதை அறிந்திருக்கின்றனவா என்று கேட்கத் தோன்றுகிறது.

தமிழகத்தின் அனுபவம் இங்கே பயன்படக்கூடும். தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் துயரத்தில் ஆழும் மாணவர்களுக்காக, 1986-இல் தொடங்கப்பட்ட சென்னையின் ‘சிநேகா’ அமைப்பு நெடுங்காலமாக உழைத்து வருகிறது. தோற்ற மாணவர் ஓராண்டை இழக்காமல் உடனடியாகத் துணைத் தேர்வு எழுதலாம் என்னும் ஏற்பாடும் இம்மாநிலத்தில் வந்தது. மனநலத்துக்கான உதவி எப்போதும் ஆலோசனை அறையிலிருந்தே வருவதில்லை. சில நேரம் தேர்வுத் துறையின் ஓர் அரசாணையிலிருந்தும் வரும்.

கேட்பதற்கு ஒரு காது

27,000 மருத்துவர்கள் உருவாகும் வரை காத்திருக்க முடியாது என்பதை வேறு சில ஊர்கள் நிரூபித்துள்ளன. கோவாவில் ‘சங்காத்’ அமைப்பினர், மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சியளித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தினர். அந்நிலையங்களில் மனச்சோர்வு, மனப்பதற்ற நோயாளிகள் வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட அதிக அளவில் குணமடைந்ததாக 2010-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. தர்காவுக்கு மருத்துவர் சென்ற அதே மெஹ்சானா மாவட்டத்தில், ‘ஆத்மீயதா’ என்னும் திட்டத்தின் கீழ் கிராமத் தொண்டர்கள் அக்கம்பக்கத்தாரின் துயரத்தைக் கேட்டு, தேவைப்படுவோரை மருத்துவமனைக்கும் அரசு உதவித் திட்டங்களுக்கும் அழைத்துச் செல்கின்றனர். ஓய்வூதியம் நின்றுபோனதால் மனமுடைந்தவருக்கு, நின்ற ஓய்வூதியத்தைப் பெற்றுத் தருவதும் சிகிச்சையின் பகுதியே என்று அவர்கள் கருதுவது அறிவார்ந்த செயல்.

உற்றாரும் நண்பரும் செய்யக்கூடியது குறித்து ஒரு தவறான அச்சம் நிலவுகிறது. உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்பது அந்த அச்சம். உலக சுகாதார அமைப்பு இதை மறுக்கிறது. நிதானமாக, நேராகக் கேட்பது அவருடைய பாரத்தைக் குறைக்கும். பிறகு அறிவுரை சொல்லாமல் கேட்பது, தனியே விடாமல் உடனிருப்பது, 14416-ஐச் சேர்ந்தே அழைப்பது, மருத்துவரிடம் முதல்முறை துணைக்குப் போவது ஆகியவற்றுக்கு எந்தப் பட்டமும் வேண்டியதில்லை. பத்திரிகைகளுக்கும் இதில் பங்குண்டு. இத்தகைய மரணங்களைப் பரபரப்பாக வெளியிடக் கூடாது, முறையை விவரிக்கக் கூடாது என இந்திய பிரஸ் கவுன்சில் 2019-இல் நெறிமுறை வகுத்தது. அது எல்லாப் பத்திரிகைகளிலும் பின்பற்றப்படுவதாகச் சொல்ல முடியாது.

செலவைக் குறித்தும் ஒரு சொல். உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் கூறியது. 2022 அக்டோபர் 31-க்குள் எல்லாக் காப்பீட்டுத் திட்டங்களும் இதற்கு இணங்க வேண்டும் எனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் காலக்கெடு விதித்தது. ஆயினும், பொதுவாகக் காப்பீடு கைகொடுப்பது மருத்துவமனையில் தங்கினால்தான். மனநலச் சிகிச்சையில் பெரும்பகுதியோ புறநோயாளியாக மாதந்தோறும் வந்துபோவது.

அதே சட்டத்தின் 18-ஆவது பிரிவில் அதிகம் பேசப்படாத ஒரு வாசகம் இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசு மனநலச் சேவை இல்லையென்றால், அங்கு வசிப்பவர் அம்மாவட்டத்தில் உள்ள வேறு எந்த மனநல நிலையத்திலும் சிகிச்சை பெறலாம். அதற்கான செலவை அரசே ஏற்க வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் மருத்துவர் இல்லை என்று திருப்பி அனுப்பப்படும் கூலித் தொழிலாளிக்கு, இந்தச் செலவைக் கோரும் மனுவை எந்த அலுவலகத்தில், யாரிடம் கொடுப்பது என்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.